அவர் சொன்னாரா, நானா நினைச்சேனா

செப்டம்பர் 8

எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப் பணி முதுகலைப் படிப்பு, சேர்ந்து மூணு வாரம் ஆச்சு. மூணு நாள் கிளாஸ், ரெண்டு நாள் ஃபீல்டு ஒர்க். டிகிரில நான் படிச்சது கெமிஸ்ட்ரி, அங்க எதைக் கேட்டாலும் ஒரு விடை இருக்கும், இங்க எதைக் கேட்டாலும் "அது ஆளைப் பொறுத்து"ங்கறாங்க. கேஸ் ஒர்க் (ஒவ்வொருத்தரையும் தனித்தனியா சந்திச்சு உதவறது) கிளாஸ்ல 1957ல ஃபெலிக்ஸ் பீஸ்டெக்னு ஒரு பாதிரியார் எழுதின ஏழு கொள்கை. ஏத்துக்கறது, தீர்ப்பு சொல்லாம இருக்கறது, ரகசியம் காக்கறது, முடிவை அவங்க கிட்டயே விடறதுன்னு போகுது. ஒரே ராத்திரில மனப்பாடம் பண்ணிட்டேன், இவ்ளோதானான்னு கூட தோணுச்சு.

செப்டம்பர் 17

முதல் ஹோம் விசிட். தனியா இருக்கற பெரியவர், வயசு எழுபதுக்கு மேல (அடையாளம் தெரியற மாதிரி எதையும் இங்க எழுத மாட்டேன்). முக்கால் மணி நேரம் பேசினோம், பேசினோம்னா பாதிக்கு மேல நான்தான் பேசினேன். அவர் கொஞ்சம் அமைதியானா போதும், எனக்கு கை பரபரக்குது, உடனே அடுத்த கேள்வியைத் தூக்கிப் போட்டுடறேன்.

வந்ததும் ப்ராசஸ் ரெக்கார்டிங் எழுதணும். பேப்பர்ல மூணு கட்டம், ஒண்ணுல யார் என்ன சொன்னாங்கன்னு வார்த்தைக்கு வார்த்தை, அடுத்ததுல அப்ப எனக்குள்ள என்ன ஓடுச்சுன்னு, கடைசிக் கட்டம் சூப்பர்வைசருக்கு. ஆறு பக்கம் வந்துடுச்சு, கை வலி.

செப்டம்பர் 19

சூப்பர்விஷன். "மகனோட ஆதரவு நல்லா இருக்கிறது"ன்னு நான் எழுதின வரிக்குக் கீழ மேடம் சிவப்புல கோடு போட்டு, "அவர் சொன்னாரா, நீங்களா நினைச்சீங்களா?"ன்னு எழுதியிருந்தாங்க. பையன் தினம் போன் பண்றார்னு அவரே சொன்னார் மேடம்னேன். "போன் பண்றார்னு சொன்னார், சரி. ஆதரவுன்னு யார் சொன்னா?" எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. கொஞ்சம் கோவமும்தான், இவ்ளோ நுணுக்கமா பார்த்தா எப்படிங்க எழுதறது.

செப்டம்பர் 22

லைப்ரரில சமூகப் பணியோட முன்னோடி மேரி ரிச்மண்டோட 'சோஷியல் டயக்னோசிஸ்' எடுத்துப் புரட்டினேன், 1917ல வந்தது. சாட்சி எது, அதுல இருந்து நாம ஊகிக்கறது எதுன்னு அந்தம்மா தனித்தனி அத்தியாயமே போட்டு வச்சிருக்காங்க. காலேஜ் படியே மிதிக்காதவங்க, பால்டிமோர்ல ஒரு தர்ம சங்கத்துல உதவிப் பொருளாளரா வேலைக்குச் சேர்ந்து இவ்ளோ தூரம் வந்தவங்க. நான் போன வாரம் பண்ண தப்பை நூறு வருஷம் முன்னாடியே பிடிச்சு வச்சிருக்காங்க, கடுப்பா வந்துச்சு.

செப்டம்பர் 24

ரெண்டாவது விசிட். எகோமேப் போட்டோம், ஒருத்தரோட உறவுகளைப் படமா வரையறது. 1975ல ஆன் ஹார்ட்மன் கொண்டு வந்தது, நடுவுல ஒரு வட்டத்துல அவர், சுத்தி இருக்கற வட்டங்கள்ல மகன், ஆஸ்பத்திரி, பக்கத்து வீடு, பென்ஷன் ஆபீஸ். உறவு கெட்டின்னா தடிச்ச கோடு, பலவீனம்னா புள்ளிக்கோடு, உரசல்னா குறுக்குக் கீறல்.

மகனுக்குத் தடிச்ச கோடு போடப் போனேன், கை போயிடுச்சு, நிறுத்திட்டு பேனாவை அவர் கிட்ட நீட்டினேன். "ஐயா, நீங்களே போடுங்க."

பேனாவை ரொம்ப நேரம் உருட்டிட்டே இருந்தார். நான் நாக்கைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் குறுக்குக் கீறலா போட ஆரம்பிச்சார், ஒண்ணு, ரெண்டு, எண்ணினேன், பதினொண்ணு. "தினமும் பண்றான்மா, வீட்டை எழுதிக் குடுத்தாச்சான்னு கேக்க." கடைசில பக்கத்து வீட்டுக்கு ஒரு தடிக்கோடு போட்டார், பேனா பேப்பரைக் கிழிச்சுடுச்சு.

எழுதிக் குடுக்காதீங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. முடிவை அவர் கிட்ட விடணும்னு மனப்பாடம் பண்ணவதானே நான், முழுங்கறதுக்குள்ள போதும்னு ஆயிடுச்சு. "நீங்க என்ன நினைக்கறீங்க ஐயா?"ன்னு மட்டும் கேட்டேன். அடுத்த வாரம் சொல்றேன்னார்.

செப்டம்பர் 25

ரெக்கார்டிங் ரெண்டு பக்கம்தான் வந்திருக்கு. ரெண்டாவது கட்டத்துல "மகன் மேல எனக்குக் கோவம் வந்தது"ன்னு எழுதி, அடிச்சு, திரும்ப எழுதினேன். மகனை நான் இன்னும் பார்த்ததே இல்லைங்கறதையும் பக்கத்துலயே எழுதிட்டேன், மேடம் சிவப்புல எழுதறதுக்கு முன்னாடி.