கேபிளை வெட்டச் சொன்னேன், நெட்டை வெட்டினார்கள்

நேற்று அம்மாவின் கணக்கில் 2,000 ரூபாய் ஏறியது. 1997-இல் அப்பா லேண்ட்லைனுக்குக் கட்டிய டெபாசிட். வட்டி கிட்டி கிடையாது, கட்டிய அதே 2,000. விண்ணப்பம் கொடுத்து 83 நாள், மூன்று தடவை அலைச்சல், ஒரு நோட்டரி. மெசேஜைப் பார்த்துவிட்டு அம்மா, "இதுக்கா இத்தனை பாடு பட்ட?" என்றாள். பதில் சொல்லத் தெம்பில்லை.

மதுரை எல்லீஸ் நகரில் நானும் அம்மாவும் மட்டும்தான். ஃபைபர் நெட்டுக்கு ஜிஎஸ்டியோடு மாதம் 707, கேபிளுக்கு 280, லேண்ட்லைனுக்கு 235. நெட் என் வேலைக்கு வேண்டும். லேண்ட்லைனில் மாதத்துக்கு இரண்டு அழைப்பு வரும்: ஒன்று லோன் வேணுமா என்று, இன்னொன்று ராங் நம்பர். கேபிளில் அம்மா பார்ப்பது இரண்டு சீரியல், ஒரு நியூஸ். கேபிளையும் போனையும் எடுத்துவிட்டால் வருஷத்துக்கு 6,180 மிச்சம். கணக்குப் போட இரண்டு நிமிஷம் ஆனது. செய்து முடிக்க மூன்று மாதம்.

தள்ளிப்போட்டதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தெருவில் கேபிள்காரர்தான் நெட் கம்பெனிக்கும் லோக்கல் ஏஜென்ட். பல ஊர்களில் இப்படித்தான். கேபிள் வேண்டாம் என்று அவரிடம் முறைத்துக்கொண்டால், நாளைக்கு நெட் போகும்போது ஏணியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதும் அவருடைய ஆள்தான். அதனால் சண்டை போடாமல் காரியத்தை முடிக்க வேண்டும். நான் போன் செய்தபோது மனுஷன் கோபப்படவே இல்லை. வருத்தப்பட்டார். அது அதைவிட மோசம்.

"என்ன பாப்பா, நீயே இப்படிச் சொன்னா எப்படி? அப்பா காலத்து லைனுல்ல."

"இல்லண்ணே, அம்மா போன்லயே பார்த்துக்கிறாங்க."

"சரி, 200 குடு போதும். லைன் இருக்கட்டும்."

இத்தனை வருஷம் 280 வாங்கியது எதற்கு என்று கேட்க நாக்கு வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். வேண்டவே வேண்டாம் என்றதும் அடுத்த அஸ்திரம்: மூன்று மாதப் பாக்கி இருக்கிறதாம். முன்பெல்லாம் மஞ்சள் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். இப்போது வசூலுக்கு வரும் பையன் செல்லில் தட்டிவிட்டுப் போய்விடுகிறான், ரசீது கிடையாது. நல்லவேளை, நான் ரொக்கமாகக் கொடுத்ததில்லை. ஜிபேயில் அந்த மூன்று மாதத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். "பையன் ஏத்த மறந்துட்டான் போல" என்று ஒரு வரி வந்தது, அதோடு பாக்கிப் பேச்சு அடங்கியது. கேபிளுக்குக் கையில் காசு கொடுப்பவர்கள் இன்றைக்கே அதை நிறுத்துங்கள்.

கேபிள் செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது ரிமோட்டும் அடாப்டரும் சேர்த்துக் கேட்பார்கள். எங்கள் ரிமோட்டுக்குப் பேட்டரி மூடி போய் நாலு வருஷம், ரப்பர் பேண்டில் உயிர் வாழ்ந்தது. அதற்கு 150 பிடித்துக்கொண்டார்கள், போகட்டும். பாக்ஸ் அடியில் இருக்கும் ஸ்டிக்கரை நம்பர் தெரிய போட்டோ எடுத்து, "இன்று ஒப்படைத்தேன்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். பாக்ஸ் வரவில்லை என்று ஆறு மாதம் கழித்து யாரும் வந்து நிற்கக் கூடாது பாருங்கள்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

லைனை எடுக்கப் பையன் வந்தது காலை பத்தே முக்கால். நான் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். "மாடியில்தான் தம்பி, பார்த்து எடுங்க" என்று மைக்கை மியூட்டில் போட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். தண்ணீர்த் தொட்டிப் பைப்பில் இரண்டு கறுப்பு ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கேபிள் ஒயர் உருண்டையாகத் தடிமனாக இருக்கும். ஃபைபர் ஒல்லி, தட்டையாக இருக்கும், கூடவே ஒரு இரும்புக் கம்பி ஓடும். தெரிந்தவனுக்கு இருட்டில் தடவினாலே வித்தியாசம் தெரியும். இவன் இரண்டையும் ஒரே பிடியில் பிடித்து ஒரே வெட்டு. திரையில் மேனேஜர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். திரும்பிப் பார்த்தால் நெட் பாக்ஸில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டுகிறது.

அந்தச் சிவப்பு சிமிட்டினால் ஃபைபரில் வெளிச்சம் வந்து சேரவில்லை என்று பொருள். ஒயரே அறுந்திருந்தால் உங்கள் பக்கம் எதைத் தட்டினாலும் சரியாகாது. பையன் மாடியில் இருந்தபடியே குரல் கொடுத்தான்: "அக்கா, ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க!"

பழைய போன் கம்பி என்றால் இரண்டு முனையையும் முறுக்கி டேப் சுற்றிவிடலாம். ஃபைபர் உள்ளே இருப்பது முடி மாதிரிக் கண்ணாடி இழை. இரண்டு முனையையும் சீவி, மிஷினில் வைத்து உருக்கி ஒட்ட வேண்டும். அந்த ஸ்ப்ளைசிங் மிஷின் அவர்களிடம் ஒன்றே ஒன்று, அன்றைக்கு அது வேறு ஏரியாவில். மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வந்தது. அதுவரை செல்போன் ஹாட்ஸ்பாட். என் பிளானில் நாளைக்கு 1.5 ஜிபி. வீடியோ மீட்டிங்குக்கு அது மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

மிஷின் கொண்டுவந்த ஆள் மாடித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இழையைச் சீவினார். வெயிலில் குட்டித் திரை தெரியவில்லை என்று அம்மா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் இரண்டு இழையும் நேருக்கு நேர் வந்து ஒட்டியதும், "நூல் கோக்கிற மாதிரியே இருக்கு" என்று அவளுக்கு ஒரே குஷி. கடைசியில் அவர் ஜாயிண்ட் சார்ஜ் 350 கேட்டார். "வெட்டினது உங்க பையன், நான் எதுக்குத் தரணும்?" என்றேன். கேபிள்காரருக்குப் போன் போட்டார், ஏதோ பேசினார், "விடுங்கம்மா" என்று கிளம்பிவிட்டார். இந்த மூன்று மாதத்தில் நான் தெளிவாக ஜெயித்த இடம் இது ஒன்றுதான்.

கேபிள் எடுக்க ஆள் வந்தால் கூடவே மாடிக்குப் போய் நில்லுங்கள். முடிந்தால் முதல் நாளே நெட் ஒயரில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி வையுங்கள். மீட்டிங் உள்ள நாளில் வரச் சொல்லாதீர்கள்.

லேண்ட்லைன் கதை வேறு. அங்கே யாரும் எதையும் வெட்டவில்லை, அதுதான் பிரச்சினையே. ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: உங்கள் வீட்டு நெட் அந்தப் பழைய செம்புக் கம்பி வழியாகவே வருகிறதென்றால், போனை சரண்டர் செய்தால் நெட்டும் சேர்ந்து போய்விடும். எனக்கு நெட் தனி, அதனால் தப்பித்தேன்.

இணைப்பு அப்பா பெயரில். அப்பா போய் ஆறு வருஷம். பெயரை மாற்றாமல் பில்லை மட்டும் கட்டிக்கொண்டே வந்தோம். முதல் நாள் பக்கத்து எக்ஸ்சேஞ்சுக்குப் போனேன், கவுண்டரை மூடி ஒரு வருஷம் ஆயிற்றாம், மெயின் ஆபீஸுக்குப் போகச் சொன்னார் வாட்ச்மேன். அன்றைக்கு அதோடு சரி.

இரண்டாவது தடவை கவனமாகக் கோப்போடு போனேன். கடைசி பில், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மா ஆதார், பாஸ்புக் நகல், எல்லாவற்றுக்கும் மேலாக அப்பா பத்திரப்படுத்திய டிமாண்ட் நோட், அதாவது டெபாசிட் கட்டச் சொல்லி அப்போது கொடுத்த சீட்டு. ரோஸ் கலர், மடித்த இடமெல்லாம் கிழிந்து செல்லோ டேப் போட்டது. கவுண்டரில் இருந்த பெண் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"இது உங்க நம்பர் இல்லையே மேடம்."

"எங்க நம்பர்தான். பேரு, அட்ரஸ் பாருங்க."

"இதுல ஆறு டிஜிட்தான் இருக்கு. உங்களுது ஏழு."

1997-இல் மதுரையில் ஆறு இலக்க எண்தான். அப்புறம்தான் முன்னால் 2 சேர்த்தார்கள். அந்தப் பெண் அப்போது பள்ளிக்கூடம் போயிருப்பாரோ என்னவோ. நான் சொல்லச் சொல்ல, "சிஸ்டம்ல மேட்ச் ஆகணும் மேடம்" என்பதையே திருப்பிச் சொன்னார். அடுத்தது இனிஷியல். பில்லில் அப்பாவின் இனிஷியல் முன்னால், இறப்புச் சான்றிதழில் பின்னால். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் வேண்டுமாம். அண்ணன் கோயம்புத்தூரில் இருப்பதால் அவனிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம். அம்மா நேரில் வர வேண்டும். இந்த நாலையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஒன்றைக் கேட்டு, நான் சரி என்றதும் அடுத்ததைக் கேட்டார். "இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா, ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்று கேட்ட பிறகுதான் முழுப் பட்டியலும் வந்தது. இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

முன்பு 20 ரூபாய் பத்திரத்தில் முடிந்த அஃபிடவிட் இப்போது 200 ரூபாய் பத்திரத்தில்தான். நோட்டரிக்கு ஒரு 150, அண்ணன் கடிதத்துக்கு கூரியர், மூன்றாம் தடவை அம்மாவோடு ஆட்டோ. 2,000 வாங்க 800-க்கு மேல் போய்விட்டது. நடுவில் விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் மூடாமல் விட்டால் அப்பா பெயரில் பாக்கி ஏறிக்கொண்டே போகும். அதற்காகத்தான் போனேன்.

மூன்றாம் தடவை அந்தப் பெண் லீவு. ஓய்வு பெறும் வயதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். டிமாண்ட் நோட்டைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். "அடேயப்பா, இன்னும் வச்சிருக்கீங்களா? ஆறு டிஜிட்." அவரே பேனாவால் பக்கத்தில் 2 சேர்த்து எழுதிக் கையெழுத்தும் போட்டார். போன வாரம் அசையாத சிஸ்டம் பேனாவுக்கு அசைந்தது. அம்மா பூத்துவாலையில் சுற்றிக் கொண்டுவந்த போன் செட்டை வாங்கிப் பார்த்து, "இது எங்க செட் இல்லம்மா, நீங்க கடையில வாங்கினது. நீங்களே வச்சுக்கோங்க" என்று திருப்பிக் கொடுத்தார். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

கிளம்பும்போது அவர் சொன்ன ஒரு விஷயம் தங்கம். டெபாசிட் யார் பெயரில் வர வேண்டும் என்று விண்ணப்பத்தில் தனியாக எழுதி, அந்தக் கணக்கின் கேன்சல் செய்த செக்கையும் இணைக்க வேண்டும். இல்லையென்றால் பணம் இறந்தவர் பெயரிலேயே செக்காக வந்து நிற்குமாம். அந்தச் செக்கை எந்த வங்கியில் போடுவது? அங்கேயே நின்று ஒரு வரி சேர்த்து எழுதினேன். முத்திரை போட்ட நகல் ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்த நகல்தான் காப்பாற்றியது. டெபாசிட்டைத் திருப்பித் தர தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கெடு வைத்திருக்கிறது. இரண்டு மாதம் தாண்டியும் பணம் வரவில்லை. வந்தது புதிதாக ஒரு பில். போன் மூடிய தேதிக்குப் பிறகான வாடகை! கஸ்டமர் கேருக்குப் பேசி டாக்கெட் நம்பர் (புகார் எண்) வாங்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் உண்டு, டாக்கெட் நம்பர் இருந்தால் அவருக்கு எழுதலாம், காசு கிடையாது. நகலையும் டாக்கெட் நம்பரையும் வைத்து நாலு வரியில் ஒரு மெயில். ஒன்பதாம் நாள் பில் ரத்து, அதற்கடுத்த வாரம் பணம்.

நான் கோட்டை விட்டது கேஸில். சிலிண்டர் புக்கிங் லேண்ட்லைன் எண்ணில்தான் பதிவாகியிருந்தது, எனக்கு நினைப்பே இல்லை. ஒரு நாள் காலையில் சிலிண்டர் தீர்ந்து, அம்மா செல்லில் இருந்து கூப்பிட்டால் பதிவு செய்யாத எண் என்கிறது குரல். ஏஜென்சிக்கு கேஸ் புக்கோடு ஓடி எண்ணை மாற்றி, சிலிண்டர் வர நாலு நாள். அதுவரை பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த இண்டக்‌ஷன் அடுப்பு. லேண்ட்லைனை எடுப்பதற்கு முன் கேஸ், எல்ஐசி, வங்கி என்று அந்த எண் எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

கரண்ட் போனாலும் லேண்ட்லைன் பேசும், எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே கம்பியில் மின்சாரம் வருவதால். ஃபைபர் பாக்ஸ் அப்படியில்லை, கரண்ட் போனால் நெட்டும் போகும். அதற்கென்றே 12 வோல்ட் மினி யூபிஎஸ் விற்கிறார்கள், வாங்கிப் போட்டேன். அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள்.

டிவி விஷயத்தில் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. டிவிக்குப் பின்னால் செருகும் ஸ்டிக் ஒன்று வாங்கினேன். தமிழ் நியூஸ் சேனல்கள் யூடியூபில் நேரலையாகவே வருகின்றன, தூர்தர்ஷனுக்கு பிரசார் பாரதியின் வேவ்ஸ் ஆப். சீரியலுக்கு மட்டும் ஒரு ஆப்புக்குக் காசு கட்ட வேண்டியிருந்தது, கேபிளோடு பார்த்தால் அது சில்லறை. முதல் வாரம் அம்மா "சேனல் மாத்துற பட்டன் எங்கடி?" என்று புலம்பினாள். இப்போது நினைத்த நேரத்தில் நிறுத்திவிட்டுப் பாலை இறக்கி வைக்கப் போகிறாள்.

மாடியில் வெட்டிப்போட்ட கேபிள் ஒயரில் பத்தடி இன்னும் தொங்குகிறது. அம்மா அதைத் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இழுத்துக் கட்டித் துணி காயப் போடுகிறாள். போன் செய்தால் பையன் வந்து எடுத்துக்கொண்டு போவான்தான். எந்த ஒயரை எடுப்பான் என்று தெரியாததால் நான் கூப்பிடவில்லை.