தாத்தா பாட்டி கல்யாணம் எந்த வருஷம்?

கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரலில் இடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கினேன். அங்கிருந்து ஃபெர்ரி. தைப்பூசத்துக்கு எத்தனையோ தடவை போன பினாங்குதான். இந்த முறை பையில் அப்பாவின் நோட்டுப் புத்தகம் இருந்தது. குடும்ப விவரமெல்லாம் எழுதியவர், தாத்தா பாட்டி கல்யாண வருஷத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அப்பாவின் பிறப்புப் பத்திரம் 1939. அதில் தாத்தாவின் பெயர் 'ஜி'யில் தொடங்குகிறது, அவருடைய இறப்புப் பத்திரத்தில் 'கே'யில். கோவிந்தசாமியைத் தமிழில் ஒரே விதமாகத்தான் எழுதுவோம். ரோமன் எழுத்தில், பதிவு எழுதும் கிராணியின் (குமாஸ்தாவின்) காதில் விழுந்தபடி ஏறிவிடும். தேடப் போகிறவர்கள் இரண்டு எழுத்திலும் தேடுங்கள்.

பதிவு இலாகாவில் கல்யாணம் மட்டும் அகப்படவில்லை. முகப்பில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1இல். அதற்கு முன் வழக்கப்படி தாலி கட்டினாலே கல்யாணம் செல்லும். பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. நம் பாட்டிமார் பலரின் கல்யாணத்துக்குக் காகிதமே இல்லாமல் போனது இதனால்தான்.

குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். 1833இல் எழுந்த கோயில். தாலி கட்டியது இங்கேதான் என்று அத்தை எப்போதும் சொல்வார். கோபுரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். காலே நகரவில்லை.

சாயங்காலம் ஜெலுத்தோங்கில் அத்தை வீடு. விஷயத்தைச் சொன்னதும், "கல்யாணச் சீர்ல வந்த கொடம் இருக்கேப்பா, அதுல ஏதோ வெட்டியிருக்கும்" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பித்தளைக் குடத்தை இழுக்கச் சொன்னார். கறுத்துக் கிடந்தது. புளி போட்டுத் தேய்த்தோம். கழுத்தைச் சுற்றிப் பாட்டியின் பெயர், அப்புறம் 'ஈசுவர வருஷம் ஆவணி'.

தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஈசுவர என்றால் 1877, 1937, 1997. அப்பா பிறந்தது 1939 என்பதால் 1937தான். நோட்டில் எழுதும்போது கை நடுங்கியது.

"அப்ப அம்மாவுக்கு என்ன வயசு, பாரு" என்றார் அத்தை.

பாட்டி இறந்தது 1986இல், பத்திரத்தில் வயது 64. விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்: "பதினஞ்சு, அத்தை."

அத்தை குடத்தைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார்.