கொலைக்கு பொறவு ஊருக்கு என்ன ஆகுது: நான் சொல்ற பிரிட்டிஷ் சீரிஸ்

என்ன சீரிஸ் பாக்கலாம்னு யாரு கேட்டாலும் என் வாயில மொதல்ல வர்றது பிராட்சர்ச்தான். கொரியன் எல்லாரும் பாத்தாச்சு, ஸ்பானிஷ் பாத்தாச்சு, மலையாளத்துக்கு கன்னியாகுமரி மாவட்டத்துக்காரனுக்கு யாரும் சிபாரிசு பண்ண வேண்டாம், ஆனா பிரிட்டிஷ்னு சொன்னா மட்டும் நம்ம ஆளுவ கொஞ்சம் தயங்குறாவ, ஷெர்லாக் பாத்தாச்சு அது போதும்னு நிறுத்திருதாவ. ஷெர்லாக் நல்ல சீரிஸ்தான், 2010ல இருந்து 2017 வரைக்கும் ஸ்பெஷலையும் சேத்து மொத்தமே 13 எபிசோட்தான், ஆனா அது ஒரு மேதாவியோட கதை. பிரிட்டிஷ்காரங்ககிட்ட எனக்கு பிடிச்ச சாதனம் வேற. ஒரு சின்ன ஊரு, அங்க ஒரு சாவு, அதுக்கு பொறவு அந்த ஊர்ல உள்ளவியளுக்கு என்ன ஆகுதுன்னு பைய பைய காட்டுவாவ, கொன்னது யாருன்னு தெரிஞ்ச பொறவும் கதை ஓடிட்டே இருக்கும்.

பிராட்சர்ச் 2013ல ஐடிவிங்கற பிரிட்டிஷ் சேனல்ல வந்தது. 3 சீசன், சீசனுக்கு 8 எபிசோட். கடற்கரைல மேட்டுக்கு கீழ 11 வயசு பையன் ஒருத்தன் செத்து கெடக்கான், விசாரிக்க வர்றது ரெண்டு பேரு, வெளியூர்ல இருந்து வந்த அலெக் ஹார்டியா டேவிட் டென்னன்ட், உள்ளூர் போலீஸ் எல்லி மில்லரா ஒலிவியா கோல்மன். படம் பிடிச்சது டார்செட்ல வெஸ்ட் பேங்கற எடத்துல, கடலுக்கு நேரா செங்குத்தா நிக்குற மஞ்ச மண் மேடு. முட்டத்துல லைட் ஹவுஸ் பக்கம் செம்மண் மேட்டுல நின்னு கடல பாத்தவியளுக்கு அந்த மொதல் ஷாட்லயே உள்ள என்னமோ செய்யும்.

மொதல் எபிசோட்ல ரெண்டு எடத்த நல்லா கவனிச்சு பாருங்க. ஒண்ணு, அந்த பையனோட அப்பா காலைல தெருவுல நடந்து போறாரு, வழியில பாக்குற எல்லார்ட்டயும் ஒரு வார்த்த பேசிட்டு போறாரு, கட் இல்லாம ஒரே ஷாட்டா கேமரா கூடயே போகும். சும்மா ஊர காட்டுறான்னு நெனச்சிட்டு இருப்போம், பின்னால நாம சந்தேகப்பட போற முக்கால்வாசி பேரையும் அங்கயே பாத்து முடிச்சிருப்போம். இன்னொண்ணு, அம்மா. கடற்கரைல என்னமோ நடந்திருக்குன்னு ரோட்ல வண்டியெல்லாம் நிக்குது, அவ கார்ல உக்காந்திருக்கா, மொகம் கொஞ்சம் கொஞ்சமா மாறுது, கார விட்டு எறங்கி நடக்குறா, பொறவு ஓடுறா. மூடி வெச்ச துணிக்கு வெளிய தெரியுற ஷூவ பாத்துதான் அவளுக்கு புரியும். அந்த எடத்துல நான் பாஸ் பண்ணிட்டு கொஞ்ச நேரம் எந்திரிச்சு போயிட்டேன், அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு.

எல்லிதான் இந்த கதையோட உயிரு. லீவு முடிஞ்சு வந்து பாத்தா, தனக்கு வரும்னு நெனச்ச பதவிய வெளியூர்க்காரன் ஹார்டிக்கு குடுத்திருக்காவ, செத்த பையன் தன் மகனோட கூட்டாளி, அந்த குடும்பத்தோட இவளுக்கு அவ்வளவு பழக்கம், இப்ப அந்த வீட்டுலயே போய் கேள்வி கேக்கணும். குளச்சல், மணக்குடி மாதிரி கடற்கரை ஊர்ல வளந்தவியளுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு சொல்ல வேண்டாம், சாவு செய்தி போலீஸ் வர்றதுக்கு முன்ன ஊர் பூரா போயிரும், ஆளுவ எல்லாம் கோயில்ல கூடிருவாவ, ஃபாதர் என்ன சொல்றாருன்னு பாப்பாவ. இதுலயும் ஒரு பாதிரியார் உண்டு, அவரு மேலயும் சந்தேகம் உண்டு. கொன்னது யாருன்னு நடிச்சவங்கள்ல நெறைய பேருக்கே கடைசி வரைக்கும் சொல்லாம மறச்சுதான் எடுத்திருக்காவ, அது நடிப்புல தெரியுது, ஒவ்வொருத்தரும் மத்தவங்கள பாக்குற பார்வைல ஒரு பயம் இருக்கு. ரெண்டாவது சீசன் கோர்ட் கேஸு, எனக்கு அது கொஞ்சம் இழுவைதான். மூணாவது சீசன மட்டும் விட்டுராதீங்க, பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பொம்பளைய போலீஸும் டாக்டரும் எப்படி நடத்தணும்னு மொதல் எபிசோட்ல ஒவ்வொரு படியா, அவசரமே படாம காட்டியிருக்காவ, நம்ம ஊர் போலீஸ் டிரெய்னிங்ல இத போட்டு காட்டணும்னு நான் மனசார நெனக்கிறேன்.

சப்டைட்டில் போட்டுதான் பாக்கணும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. டென்னன்ட் ஸ்காட்லாந்து பேச்சு, பின்னால சொல்லப்போற சீரிஸ்கள்ல ஹேப்பி வேலில யார்க்ஷயர் பேச்சு, வேரால வடகிழக்கு பேச்சு. விளவங்கோடு பக்கத்து பேச்ச மெட்ராஸ்காரன் கேட்டா முழிப்பான்லா, அந்த முழிதான் நமக்கும் மொதல் எபிசோட்ல, ரெண்டு மூணு எபிசோட் போனா காது பழகிரும், பொறவு அந்த பேச்சுக்காகவே பாப்பீங்க.

அடுத்தது ஹேப்பி வேலி. எழுதுனது சாலி வெயின்ரைட், கேத்தரின் கவுட்ங்கற போலீஸ் சார்ஜென்டா சாரா லங்காஷர். எங்க மைனி, கொலைக்கேஸ் சீரிஸ்னாலே ஓடுற ஆளு, இத ஒரே மூச்சுல பாத்து முடிச்சாவ. மொதல் எபிசோட்ல ஒரு பையன் குடிச்சிட்டு தன் மேல பெட்ரோல் ஊத்திட்டு நிக்கான், கேத்தரின் தீயணைக்குற சிலிண்டரோட போய் நின்னு அவன்கிட்ட தன்னப் பத்தி சொல்ல ஆரம்பிப்பா, வயசு இவ்வளவு, டைவர்ஸ் ஆச்சு, போதைல இருந்து மீண்டு வர்ற தங்கச்சியோட இருக்கேன், பெத்தது ரெண்டு, ஒண்ணு செத்துட்டு, ஒண்ணு பேசுறதில்ல, பேரன நான் வளக்குறேன்னு. ஒரு நிமிஷத்துல ஒரு வாழ்க்கைய பூரா சொல்லி முடிச்சிட்டா, அதுவும் இன்னொருத்தன் உயிர காப்பாத்துறதுக்காக. மக சாகுறதுக்கு காரணமான டாமி லீ ராய்ஸ் ஜெயில்ல இருந்து வெளிய வந்துருக்கான்னு அவளுக்கு தெரிய வரும், அந்த பேரன் அவனோட ரத்தம், அங்க இருந்து புடிச்ச புடி கடைசி சீன் வரைக்கும் விடாது.

இதுல எனக்கு ரொம்ப மரியாத வந்த விஷயம் ஒண்ணு உண்டு. மொதல் சீசன் 2014, ரெண்டாவது 2016, மூணாவது 2023. நடுவுல 7 வருஷம் ஏன்னா, பேரனா நடிச்ச அதே பையன் நெஜமாவே வளந்து, அப்பன் யாருன்னு தானா போய் பாத்து முடிவெடுக்குற வயசுக்கு வரட்டும்னு காத்திருந்திருக்காவ. ஹிட் ஆன சீரிஸ் கைல வெச்சிட்டு 7 வருஷம் காத்திருக்க எவ்வளவு மனசு வேணும். மொத்தம் 18 எபிசோட், அதோட கதை முடிஞ்சது, நாலாவது சீசன்னு இழுக்கல.

லைன் ஆஃப் டியூட்டி பாத்தா தூக்கம் போயிரும், முன்னாடியே சொல்லிட்டேன். போலீஸுக்குள்ள இருக்குற கெட்ட போலீஸ புடிக்குற ஏசி-12ங்கற பிரிவு, 2012ல இருந்து 2021 வரைக்கும் 6 சீசன், எழுதுனது ஜெட் மெர்குரியோ. சண்டையும் சேஸிங்கும் இருக்கு, ஆனா உண்மையான சண்டை எல்லாம் ஒரு கண்ணாடி ரூம்ல மேஜைய சுத்தி உக்காந்துதான். ரெக்கார்டர ஆன் பண்ணுனதும் நீளமா ஒரு பீப் சத்தம் வரும், அதுக்கு பொறவு இருவது நிமிஷம் வெறும் பேச்சு, ஃபைல்ல எத்தனாவது பக்கம், எத்தனாவது போட்டோன்னு. சீட்டு நுனில உக்கார வெச்சிருவான். சுருக்கெழுத்து பேரு நெறைய வரும், எல்லாம் புரியணும்னு மெனக்கெட வேண்டாம், ஆளு மொகத்த பாருங்க போதும். ஆறாவது சீசன் முடிவு நெறைய பேருக்கு பிடிக்கல, எனக்கு பிடிச்சது.

மழை நேரத்துல நிதானமா பாக்கணும்னா ஃபாயில்ஸ் வார். நமக்குத்தான் ஜூன்லயும் மழை, ஐப்பசிலயும் மழைன்னு ரெண்டு சீசனும் உண்டே. ரெண்டாம் உலகப்போர் நேரம், ஹேஸ்டிங்ஸ்ங்கற கடற்கரை ஊரு, போலீஸ் அதிகாரி ஃபாயிலா வர்ற மைக்கேல் கிச்சன் அதிகமா பேசவே மாட்டாரு, தொப்பிய கைல வெச்சிட்டு லேசா தலைய சாய்ச்சு எதிர்ல உள்ளவன பாப்பாரு, அவன் தானா ஒளறிருவான். தெனமும் ஆயிரக்கணக்குல சாவுற நேரத்துல ஒரே ஒருத்தன் கொலைய எதுக்கு இவ்வளவு தோண்டுறன்னு எல்லாரும் கேப்பாவ, அவரு தோண்டிட்டே இருப்பாரு. 2002ல இருந்து 2015 வரைக்கும் வந்தது. வேரா, ஷெட்லண்ட் ரெண்டும் ஆன் கிளீவ்ஸோட நாவல்கள்ல இருந்து வந்தது, ரெண்டுமே நல்லது, வேராவ எங்க அம்மைக்கு ரொம்ப இஷ்டம், வயசான ஒரு பொம்பள பழைய கோட்டும் தொப்பியும் போட்டுட்டு ஆம்பளைகள வேல வாங்குறத பாத்து ரசிச்சிட்டே இருப்பாவ. பாய்ரோ பத்தி புதுசா சொல்ல என்ன இருக்கு, டேவிட் சூஷே 1989ல ஆரம்பிச்சு 2013 வரைக்கும் 70 எபிசோட் நடிச்சு அகதா கிறிஸ்டியோட பாய்ரோ கதைகள கிட்டத்தட்ட முழுசா முடிச்சிட்டாரு.

கொலை வேண்டாம்னா மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ் பாருங்க, 2024 ஜனவரில வந்தது, 4 எபிசோட். நெஜ சம்பவம். ஹொரைசன்னு ஒரு கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் கணக்க தப்பா காட்ட, கிராமத்து போஸ்ட் ஆபீஸ் நடத்துன ஆளுவ பணத்த திருடிட்டாவன்னு கேஸ் போட்டு, 900 பேருக்கு மேல தண்டன வாங்கி, கொஞ்ச பேரு ஜெயிலுக்கும் போனாவ. அதுல இந்திய வம்சாவளிக்காரங்களும் நெறைய. ஒரு சீன்ல ஜோ ஹாமில்டன்ங்கற பெண் ஹெல்ப்லைனுக்கு போன் போட்டு, அவங்க சொல்ற பட்டன ஒண்ணொண்ணா அமுக்குறா, கண்ணு முன்னாடியே கொறையுற தொக ரெட்டிப்பா ஆகுது. அவ முழிக்கிற முழிய பாத்தா வயிறு எரியும். கிராமத்துல போஸ்ட் ஆபீஸ் வெச்சிருக்கவங்க மேல ஊரு எவ்வளவு நம்பிக்க வெச்சிருக்கும்னு நமக்கு தெரியும், அந்த மானம் போறதுதான் கதை. இந்த சீரிஸ் வந்த பொறவு நாடே கொந்தளிச்சு, அதே வருஷம் பார்லிமென்ட்ல சட்டம் போட்டு அந்த தண்டனைகள ரத்து பண்ணுனாவ. டிவி நாடகத்தால இவ்வளவு முடியுமான்னு நெனக்கும்போது எனக்கு இப்பவும் சிலிர்க்குது.

வீட்டுல பத்து வயசு தாண்டுன பையன் இருந்தா, அப்பா அம்மா மட்டும் உக்காந்து அடலசன்ஸ் பாக்கணும். 13 வயசு பையன் ஒருத்தன கொலைக்கேஸ்ல போலீஸ் புடிக்குற கதை, 2025, நெட்ஃபிளிக்ஸ், 4 எபிசோட், ஒவ்வொண்ணும் ஒரே ஷாட்ல எடுத்தது. மூணாவது எபிசோட்ல ஒரு ரூம், ஒரு பையன், ஒரு சைக்காலஜிஸ்ட், அவ்வளவுதான். அந்த பையன் ஓவன் கூப்பருக்கு அதுதான் மொத நடிப்பு.

காமெடிக்கு வாரேன். எங்க பெரியப்பா தாலுகா ஆபீஸ்ல வேல பாத்து ரிட்டையர் ஆனவரு, அவருக்கு யெஸ் மினிஸ்டர் போட்டு குடுத்தேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்க நிறுத்த சொல்லி, "மக்கா, இந்த நோட் எப்படி எழுதுறான் பாத்தியா, ஒண்ணும் செய்யாம இருக்கதுக்கு எழுதுற நோட் இது"ன்னு எனக்கு வெளக்கம் சொல்லி சொல்லி சிரிக்காரு. மந்திரி ஜிம் ஹேக்கர், செக்ரட்டரி சர் ஹம்ஃப்ரி, நடுவுல மாட்டிக்கிட்ட பெர்னார்ட். 1980ல ஆரம்பிச்சது, அடுத்து யெஸ் பிரைம் மினிஸ்டர், ரெண்டும் சேத்து 38 எபிசோட். ஒரு எபிசோட்ல புது ஆஸ்பத்திரி ஒண்ணு, ஸ்டாஃப் 500 பேரு, நோயாளி ஒருத்தர் கூட கெடையாது, அது நல்லா நடக்குற ஆஸ்பத்திரின்னு அதிகாரிமாரு அசராம வாதாடுவாவ. மொதல்ல இத பாருங்க.

ஃபால்டி டவர்ஸ் மொத்தம் 12 எபிசோட்தான், 1975ல 6, 1979ல 6. டார்க்கீங்கற கடற்கரை டூரிஸ்ட் ஊர்ல ஹோட்டல் நடத்துறவரு, வர்ற ஆளுவ எல்லாம் அவருக்கு தொந்தரவு. ஐயப்ப சீசன்ல கன்னியாகுமரில லாட்ஜ் நடத்துறவிய பாத்தா விழுந்து விழுந்து சிரிப்பாவ. வெயிட்டர் மானுவல அடிக்குறது மட்டும் எனக்கு இப்ப பாக்க முடியல. மைண்ட் யுவர் லாங்குவேஜ் பத்தி கேப்பீங்க, நெறைய பேருக்கு அது சின்ன வயசு ஞாபகம், ஆனா வெளிநாட்டுல போய் பேச்சு தெரியாம தவிக்குறவன பாத்து சிரிக்குறது, வளைகுடால வேல பாக்குற ஆளு வீட்டுக்கு வீடு இருக்குற நம்ம மாவட்டத்துல அத நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

எனக்கு இருக்குறதுலயே இஷ்டமான காமெடி டிடெக்டரிஸ்ட்ஸ். மிஸ்டர் பேட்ஸா நடிச்ச அதே டோபி ஜோன்ஸ், கூட மெக்கன்ஸி குரூக், அவரே எழுதி டைரக்ட் பண்ணுனது. ரெண்டு பேரு மெட்டல் டிடெக்டர தூக்கிட்டு வயல்ல பழைய காசு, தங்கம் கெடைக்குமான்னு தேடிட்டு திரிவாவ, கெடைக்குறது பூரா டப்பா மூடியும் பட்டனும். சாயந்தர வெயில் வயல் மேல விழுகுறத சும்மா காட்டிட்டே இருப்பாவ, மரத்தடில உக்காந்து நேத்து டிவில பாத்த குவிஸ் பத்தி பேசுவாவ, ஒருத்தன் மனசும் நோகாம சிரிக்க வெக்கிற சீரிஸ் இத மாதிரி இன்னொண்ணு நான் பாக்கல. 3 சீசன், 2022ல ஒரு ஸ்பெஷல், எபிசோட் அர மணி நேரம். மொதல் ரெண்டு எபிசோட்ல ஒண்ணுமே நடக்கலியேன்னு தோணும், நிறுத்திராதீங்க, அந்த சீசனோட கடைசி ஷாட் வரைக்கும் வந்துருங்க.