சுற்றாத பற்சக்கரங்கள்

எங்கள் சிறுவர் அறிவியல் நூலுக்கு ஓவியர் அனுப்பிய அட்டைப்படம் அழகாகத்தான் இருந்தது. மூன்று பற்சக்கரங்கள், மூன்றும் ஒன்றையொன்று கடித்தபடி முக்கோணமாக. நிறம் எடுப்பு, நிழல் அருமை. ஒரேயொரு குறை: அந்தச் சக்கரங்கள் ஒருநாளும் சுற்றாது. முதலாவது வலப்பக்கம் சுற்றினால் அதைத் தொடுகிற மற்ற இரண்டும் இடப்பக்கம் சுற்ற வேண்டும். அந்த இரண்டும் தங்களுக்குள்ளும் கடித்துக்கொண்டு நிற்பதால் இரண்டுமே ஒரே பக்கம் சுற்ற வழியில்லை. மூன்றும் இறுகி நின்றுவிடும். (அலுவலகச் சுவர்களில் ‘ஒற்றுமையே பலம்’ என்ற வகைச் சுவரொட்டிகளில் இதே படத்தை எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அந்த அலுவலகங்களைப் பற்றி அது சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.)

"அண்ணை, உதை ஆர் கவனிக்கப் போகினம்?" என்றார் ஓவியர்.

பிள்ளைகள் கவனிப்பார்கள். பெரியவர்கள்தான் படத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவது. ஏழு வயதுப் பிள்ளை விரலை வைத்துச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கும். ஓவியர் வாதாடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சோடா மூடிகளைப் பலகையில் ஆணியடித்துப் பொருத்திப் பார்த்திருக்கிறார். சோடா மூடியின் விளிம்பு நல்ல பற்சக்கரம், 21 பல். மூன்று மூடி வட்டமாக நின்றால் அசையவில்லை, நான்கு நின்றால் தாராளமாகச் சுற்றுகின்றன என்று இரவு பத்து மணிக்கு அழைத்துச் சொன்னார். அட்டைப்படம் மாறியது. பழைய படம் உள்ளே போய் ‘எது சுற்றும், எது சுற்றாது?’ என்ற புதிராகிவிட்டது. புத்தகத்தில் அதிகம் கைபடுகிற பக்கம் இன்றைக்கும் அதுதான்.

கட்டடங்களுக்கு லிஃப்ட், தண்ணீர்ப் பம்ப், குழாய் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலையிலிருந்து சிறுவர் நூலுக்கு வந்தவன் நான். வந்த புதிதிலேயே எனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். பிள்ளைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துச் சொல்லலாம். ஆனால் அது பத்தாம் வகுப்புக்குப் போனதும் ‘அது பொய், மறந்துவிடு’ என்று ஆசிரியர் சொல்லும்படி ஒரு வரிகூட இருக்கக் கூடாது. கேட்க லேசாக இருக்கிறது. எழுத உட்கார்ந்தால்தான் தெரியும், நாம் நாளாந்தம் சொல்லும் ‘எளிய விளக்கங்களில்’ பாதி தேறாது என்று.

லிஃப்டை எடுத்துக்கொள்வோம். கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வளரும் பிள்ளைக்கு நெம்புகோலை விளக்கக் கிணற்றில் தண்ணீர் அள்ளும் துலாவை உதாரணம் காட்டிப் பயனில்லை. துலா அதன் அம்மம்மாவின் கிணற்றடியோடு போயிற்று. அந்தப் பிள்ளை அன்றாடம் ஏறி இறங்கும் பொறி லிஃப்ட்தான். ஆகவே லிஃப்டைப் பற்றி ஒரு புத்தகம் செய்தோம். ‘மோட்டார் கயிற்றைச் சுற்றி லிஃப்டை மேலே தூக்குகிறது’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், பல புத்தகங்கள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் லிஃப்டின் முழு அழகும் அந்த வரியில் காணாமல் போகிறது. கயிற்றின் மறுமுனையில் ஓர் எதிர்நிறை தொங்குகிறது. தராசின் மற்றத் தட்டு அது. வெறும் கூண்டின் நிறையோடு, ஏற்றக்கூடிய முழுச் சுமையில் ஏறக்குறைய பாதியைக் கூட்டினால் எதிர்நிறை வரும். லிஃப்டுக்குள் ‘8 பேர், 630 கிலோ’ என்று ஒட்டியிருக்கும். கூண்டு 1000 கிலோ என்று வைத்துக்கொண்டால் எதிர்நிறை 1315 கிலோ. எட்டுப் பேரும் ஏறினால் கூண்டுப் பக்கம் 315 கிலோ கூடுதல். ஒருவரும் இல்லாவிட்டால் எதிர்நிறைப் பக்கம் அதே 315 கிலோ கூடுதல். மோட்டார் மல்லுக்கட்டுவது இந்த வித்தியாசத்தோடு மட்டும்தான்.

கையெழுத்துப் பிரதியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது ஒவ்வொரு முறையும் வரும் கேள்வி ஒன்று உண்டு: "அங்கிள், கயிறு அறுந்தா லிஃப்ட் விழுமா?" 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் போன காலத்தைப் பார்த்த பிள்ளைகள் இன்னொன்றும் கேட்பார்கள்: கரண்ட் போனால்? இரண்டுக்கும் பயமுறுத்தாமலும் பூசி மெழுகாமலும் பதில் சொல்ல வேண்டும். ஒரு கயிறு அல்ல, பல உருக்குக் கம்பி வடங்கள் அருகருகே ஓடுகின்றன. அதையும் மீறி வேகம் எல்லை கடந்தால் கூண்டுக்கு அடியிலுள்ள கவ்விகள் தண்டவாளத்தை இறுகப் பிடித்துவிடும். எலிஷா ஓட்டிஸ் 1854 இல் நியூயோர்க்கில் மேடையில் தானே ஏறி நின்று கயிற்றை வெட்டச் சொல்லிக் காட்டிய வித்தையின் வழிவந்தது அது. மின்சாரம் போனாலும் பிரேக் விடாது. மின்சாரம் பிரேக்கைப் பிடிப்பதில்லை, திறந்துதான் வைத்திருக்கிறது. அது நின்றால் வில்சுருள் தானாகவே இறுக்கிவிடும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒரு கேள்வி வைப்பேன்: ஆளில்லாத லிஃப்டின் பிரேக்கை மட்டும் விட்டால் அது எங்கே போகும்? "கீழே!" என்று எல்லோரும் கத்துவார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் வாயை மூடிக்கொண்டு அந்த 1315 ஐ யோசிப்பார்கள். பிறகு ஒரு குரல் தயங்கித் தயங்கி வரும்: "மேல போகுமா?"

அந்த ஒரு குரலுக்காகத்தான் கணக்கைப் புத்தகத்தில் விட்டேன். ‘சிறுவர் நூலில் கணக்கா?’ என்று முகம் சுளித்த பதிப்பாசிரியரோடு கொஞ்சம் மல்லுக்கட்டவும் வேண்டியிருந்தது.

பொறிகளுக்குக் கண், மூக்கு, சிரிப்பு வரைவதற்கும் நான் எதிரி. விற்பனைக்காரர் கேட்பார், பெற்றோரும் விரும்புவார்கள், நான் சம்மதிப்பதில்லை. சிரிக்கிற கிரேன் பெட்டியைத் தூக்குவது அதற்கு விருப்பம் இருப்பதால் என்று ஆகிவிடுகிறது. கப்பியைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. துறைமுகப் பக்கம் போனால் தெரியும் அந்தப் பெரிய கிரேன்களுக்குச் சிரிப்பு இல்லாமலே எவ்வளவு கம்பீரம் என்று.

வெளிநாட்டுப் படங்களை அப்படியே எடுத்துப் போடுவது இன்னொரு தலையிடி. நான்கு பருவங்கள், பனிமனிதன், இலையுதிர்கால மேப்பிள். நமக்கோ தென்மேற்கும் வடகீழும் பருவக்காற்று. பிறை நிலாவையும் பக்கவாட்டில் நிமிர்த்தி வரைந்திருப்பார்கள். கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே மாலைப் பிறை பெரும்பாலும் மல்லாந்துதான் கிடக்கும். காலிமுகத்திடலில் நின்று மேற்கே பார்க்கிற எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். புத்தகம் வேறுவிதமாகச் சொன்னால் பிள்ளை தன் கண்ணைத்தான் சந்தேகப்படும். இந்த இடத்தில் எங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. சித்திரைப் புத்தாண்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னால் கொழும்பில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. பகல் 12 மணி 12 நிமிடமளவில் நிமிர்த்தி வைத்த போத்தலுக்கு நிழல் இருக்காது. செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு முறை. லண்டன் பிள்ளைக்கு ஆயுளில் கிடைக்காத பரிசோதனை, பல்கனியில் ஒரு போத்தலோடு முடிந்துவிடுகிறது.

குளங்களைப் பற்றிய நூலில் வேறு விதமான இடறல். பழைய நீர்ப்பாசனம் என்றதும் எழுதுகிறவரின் பேனா பெருமை பேசத் தொடங்கிவிடுகிறது. பெருமை இருக்கட்டும், எப்படி வேலை செய்தது என்று யார் சொல்வது? கலாவெவக் குளத்திலிருந்து அநுராதபுரத்துக்கு 87 கிலோமீற்றர் போகும் ஜயகங்கைக் கால்வாய், தொடக்கத்தில் 17 மைல் தூரத்துக்கு மைலுக்கு ஆறு அங்குலம்தான் சரிகிறது. கிலோமீற்றருக்குப் பத்துச் சென்ரிமீற்றர்கூட இல்லை. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் காலத்தில் அந்தச் சரிவை எப்படி அளந்திருப்பார்கள்? இந்தக் கேள்வியை அப்படியே பிள்ளையிடம் கொடுத்து, தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கச் சொன்னோம். ‘நம் முன்னோர் மேதைகள்’ என்ற வரியை நீக்கியதற்கு ஒரு பெற்றோர் கோபித்தும் எழுதினார்.

பணவிடயம் பேசச் சுவையில்லை. பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும், நான்கு நிறம், 2022 இல் ஏறிய கடதாசி விலை. செப்டெம்பர் புத்தகக் கண்காட்சியில் தமிழ்ச் சிறுவர் அறிவியலுக்கு மேசையில் கிடைக்கும் இடம் ஒரு முழத்துக்கு மேல் வராது. இதைவிடக் கடினமானது, கொழும்பில் பல பிள்ளைகள் ஆங்கில மொழிமூலம் படிப்பது. ஒன்பது வயதில் தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளையின் மூளையும் ஆறு வயது மூளை என்று நினைத்துவிடக் கூடாது. ஆகவே வாக்கியம் குறுகும், விடயம் குறுகாது. இரண்டையும் ஒன்றாக ஆக்குகிறவர்களின் கையெழுத்துப் பிரதியை இப்போதெல்லாம் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறேன்.

இப்போது கையில் இருப்பது குழாய்த் தண்ணீர். 1886 இல் லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து கொழும்புக்குத் தண்ணீர் வந்த கதையில் தொடங்கி, அம்பத்தலையில் களனி ஆற்று நீரைச் சுத்திகரிப்பது வழியாக, மொட்டைமாடித் தாங்கிவரை. நடுப்பக்கத்தில் ஒரு பரிசோதனை: ஒரே கட்டடத்தில் வெவ்வேறு மாடிகளில் ஒரே அளவு வாளி நிரம்ப எத்தனை செக்கன்? தாங்கிக்கு மிக அருகில் இருக்கும் உச்சி மாடிக்காரருக்குத்தான் தண்ணீர் நூல்போல வரும். பத்து மீற்றர் இறங்கினால்தான் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். ஆனால் புதிய தொடர்மாடிகளில் மேல் மாடிகளுக்கென்று அமுக்கத்தைக் கூட்டும் தனிப் பூஸ்டர் பம்ப் வைத்திருப்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளை வாளி வைத்து அளந்துவிட்டுப் புத்தகம் பொய் என்று சொல்லும், சொல்லவும் வேண்டும். பம்பைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். பக்கம் நிரம்பிவிட்டது, ஒன்றை வெட்டு என்கிறார் பதிப்பாசிரியர். வெட்டுவதானால் லபுகமவைத்தான் வெட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். ஓவியர் தாங்கியைச் சிறிதாக்கிப் பம்புக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.