பழைய சிஎன்சிக்குப் புது மூளை

கல்லடியில் எங்கள் பட்டறை கடலுக்குக் கிட்ட. உப்புக் காற்று, கணினி சொன்னபடி உலோகம் செதுக்கும் சிஎன்சி மில்லிங் மெஷினின் கொன்ட்ரோல் பெட்டிக்குள்ளும் புகுந்து போர்டுகளில் பச்சை பூத்துக் கிடந்தது, போதாததுக்கு நினைவக பேட்டரியும் செத்து, மெஷினின் அமைப்பு எண்களான பராமீட்டர் எல்லாம் அழிந்துவிட்டது. இரும்புக்கு விற்க மனம் வரவில்லை. மேசையை நகர்த்தும் பால் ஸ்குரூ (ball screw) இன்னும் நல்ல இறுக்கம்.

சரி, மூளையை மட்டும் மாற்றுவோம் என்று லினக்ஸ்சிஎன்சி என்ற மெஷின் கட்டுப்பாட்டு மென்பொருள் போட்ட கணினியும், மெஷினோடு இணைக்கும் மேசா 7ஐ77 கார்டும் எடுத்தேன். மோட்டாரை ஓட்டும் பழைய சர்வோ டிரைவ் கேட்கும் பிளஸ் மைனஸ் 10 வோல்ட்டை அது நேரடியாகவே கொடுக்கும், மோட்டார் சுழன்ற அளவைச் சொல்லும் என்கோடரையும் வாசிக்கும், அதனால் மோட்டாரைத் தூக்கி எறியத் தேவையில்லை. டிரைவில் காய்ந்த கப்பாசிட்டர்களை மாற்றினேன். கரண்டை நிறுத்தினாலும் அதற்குள் மின்சாரம் நிற்கும், மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள்! என்கோடர் திசை மாறியிருந்தால் மேசை தறிகெட்டு ஓடும். முதல் ஓட்டத்தில் எமர்ஜென்சி சுவிட்சிலேயே கை இருக்கட்டும்.

நேற்றிரவு எக்ஸ் அச்சு சொன்ன இடத்தில் வந்து நின்றது. இனி வெட்டும் கருவியைச் சுழற்றும் ஸ்பிண்டில்.