வக்கீல் படிப்பு இல்லாமல் பிரைவசி, ஏஐ தேர்வுகள்: பெங்களூரிலிருந்து சில குறிப்புகள்

சட்டம் படிக்காதவர், தனிநபர் தரவைப் பாதுகாக்கும் பிரைவசி வேலைக்குப் போக முடியுமா என்று எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். போகலாம். நான் பி.காம். முடித்து, சப்போர்ட் வேலையில் தொடங்கி, கம்ப்ளையன்ஸ் பக்கம் வந்தவன். பிரைவசி துறையினருக்கான சர்வதேச அமைப்பு ஐஏபிபி. அது நடத்தும் ஐரோப்பியப் பிரைவசி சட்டத் தேர்வான சிஐபிபி/ஈ-யை முதலில் எழுதினேன், அப்புறம் ஏஐ நிர்வாகம் பற்றிய ஏஐஜிபி. இரண்டிலும் என்னைக் கரை சேர்த்தது ஒரே பழக்கம்தான். கேள்வியில் வருகிற ஒவ்வொரு நிறுவனமும் சட்டத்தின் கண்ணுக்கு யார் என்று முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே விடைகளைப் பார்ப்பது.

முதல் தேர்வின் பாடம் ஜிடிபிஆர், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 90 கேள்விகள், இரண்டரை மணி நேரம், 500-க்கு 300 வந்தால் தேர்ச்சி. அந்த 300-ஐ அறுபது சதவீதம் என்று கணக்குப் போடாதீர்கள், அது அளவு மாற்றித் தரும் மதிப்பெண். நேரத்தைத் தின்பது கதைக் கேள்விகள். ஒரு நிறுவனத்தின் கதையை நீளமாகச் சொல்லி, அதையொட்டி வரிசையாகக் கேட்பார்கள்.

நாங்களே பயிற்சிக்காக எழுதிக்கொண்ட ஒரு கதை இது. ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலை. அதன் ஊழியர்களின் சம்பளக் கணக்கைக் கோரமங்களாவில் இருக்கும் ஒரு சிறு நிறுவனம் போட்டுத் தருகிறது. ஒருநாள் அந்தச் சம்பளத் தரவை வைத்து, யார் வேலையை விட்டுப் போவார்கள் என்று கணிக்கும் ஒரு மாடலைத் தனக்காகவே அது பயிற்றுவிக்கிறது. இப்போது பொறுப்பு யாருக்கு? சட்டத்தின் மொழியில், தரவு எதற்காக என்று முடிவு செய்பவர் கன்ட்ரோலர், அவருக்காக அதைக் கையாளுபவர் பிராசசர்.

எங்கள் குழுவில் இருந்த சேலத்துத் தம்பி உடனே கேட்டான்: "அண்ணே, டேட்டா முழுக்க நம்ம ஊர் சர்வர்லதானே இருக்கு, அப்போ இவங்க முதல்லேருந்தே கன்ட்ரோலர்தானே?"

"சர்வர் யாருதுன்னு சட்டம் கேக்கலப்பா. எதுக்காகன்னு முடிவு பண்ணது யாரு, அதைப் பாரு."

சம்பளம் போடும் வரை கோரமங்களா நிறுவனம் பிராசசர், ஏனென்றால் நோக்கத்தை முடிவு செய்தது ஜெர்மன் தொழிற்சாலை. மாடல் பயிற்சிக்கு நோக்கத்தைத் தானே தீர்மானித்துக்கொண்டதும், அந்த வேலைக்கு மட்டும் அது கன்ட்ரோலர் ஆகிவிடுகிறது. ஜிடிபிஆரின் 28-ஆவது பிரிவு கடைசியில் இதைத்தான் சொல்கிறது. கீழே கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் இரண்டு, இந்த மாற்றத்தைக் கவனிக்காதவர்களுக்காகவே வைத்தவை போல இருக்கும்.

ஏஐஜிபி படிக்க உட்கார்ந்தபோது இதே அச்சு அங்கேயும் வந்தது. ஐரோப்பிய ஏஐ சட்டத்தில் ஒரு ஏஐ அமைப்பை உருவாக்கி வெளியிடுபவர் ப்ரொவைடர், அதைத் தன் பணிக்குப் பயன்படுத்துபவர் டிப்ளாயர். அதிக அபாயப் பிரிவில் வரும் ஒரு அமைப்பின்மீது டிப்ளாயர் தன் பெயரை ஒட்டினாலோ, அதைக் கணிசமாக மாற்றினாலோ, 25-ஆவது பிரிவின்படி ப்ரொவைடரின் சுமை முழுதும் அவர் தலையில் வந்து இறங்கும். வேலைக்கு ஆள் எடுக்க, கடன் தகுதி பார்க்கப் பயன்படும் அமைப்புகள் அந்த அதிக அபாயப் பிரிவில்தான் வருகின்றன. கணிப்பின் முடிவு ஐரோப்பாவில் பயன்படுகிறது என்றால், உருவாக்கியவர் பெங்களூரில் இருந்தாலும் சட்டம் தேடி வரும். நம் ஊர் சர்வீஸ் கம்பெனிகளில் இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒரு வாரம் செலவழித்தாலும் தகும்.

இரண்டு சட்டங்களும் எங்கே உரசுகின்றன என்று பார்க்க, ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில் ஷூஃபா என்ற ஜெர்மன் கடன் தகவல் நிறுவனம் பற்றிக் கொடுத்த தீர்ப்பைப் படியுங்கள். ஷூஃபா மதிப்பெண் மட்டும்தான் போடுகிறது, கடன் தருவதும் மறுப்பதும் வங்கி. ஆனாலும் வங்கி அந்த மதிப்பெண்ணையே பெரிதும் நம்பி முடிவெடுத்தால், மதிப்பெண் போடுவதே ஜிடிபிஆர் கட்டுப்படுத்தும் தானியங்கி முடிவுதான் என்றது நீதிமன்றம். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்டின் ஏஐ அபாயச் சட்டகம், ஏஐ மேலாண்மைக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 42001 ஆகியவையும் பாடத்தில் உண்டு. எனக்கு அவை சலிப்பூட்டின. பேருந்தில் படித்தாலே போதும்.

தேதிகள் தனித் தலைவலி. ஏஐ சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று அமலுக்கு வந்தது, ஆனால் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு நாளில் உயிர் பெறுகிறது. தடை செய்யப்பட்ட பயன்பாடுகள் பற்றியது 2025 பிப்ரவரி 2, பொதுப் பயன்பாட்டு மாடல்கள் பற்றியது 2025 ஆகஸ்ட் 2. அதிக அபாயப் பிரிவின் தேதியைத் தள்ளிப்போட 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. அதனால் சீனியர் கொடுத்த நோட்ஸில் எந்தத் தேதி இருந்தாலும், தேர்வு அமைப்பு வெளியிடும் பாடத்திட்டத்தின் நடப்புப் பதிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் கூடவே படிக்கலாமா என்றால், ஐரோப்பியத் தேர்வு முடியும் வரை வேண்டாம் என்பேன். கலந்து படித்தால் குழம்பும். குழந்தை என்றால் இங்கே 18 வயதுக்குக் கீழ். அங்கே இணையச் சேவைக்குத் தானே ஒப்புதல் தரும் வயது 16, நாடுகள் விரும்பினால் 13 வரை இறக்கலாம். தரவு கசிந்தால், ஆபத்து இருக்க வாய்ப்பில்லை என்ற நிலையில் ஐரோப்பாவில் கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே அந்தச் சலுகை கிடையாது, தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்லியே ஆக வேண்டும். ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள அங்கே இருக்கும் 'நியாயமான நலன்' என்ற அடிப்படை இங்கே இல்லவே இல்லை.

ஆனால் இன்டர்வியூவில் கேட்பது இந்தியச் சட்டம்தான். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2025 நவம்பரில் வந்த விதிகள், பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம், நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகளுக்கு விதிகள் வந்ததிலிருந்து 18 மாத அவகாசம், இவ்வளவும் நுனி நாக்கில் இருக்கட்டும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வசதி தர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆப் தயாரிக்கும் கம்பெனிகளில் அது உண்மையான வேலை. தமிழும் கன்னடமும் தெரிந்தவர்கள் அதைத் தயங்காமல் சொல்லலாம். பின்னணி கேட்டால் 2017-இன் புட்டசாமி தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகள், தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். வழக்குப் போட்ட புட்டசாமி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி, இந்த ஊர் மனிதர்.

கடைசியாக, நம்மவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று. பதிவுப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும், நமக்கு இருப்பது இன்ஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்திருக்கும், ஆதாரில் ஒற்றை எழுத்தாக நிற்கும். தேர்வு மையத்தில் எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ, அதில் உள்ள பெயரையே எழுத்துப் பிசகாமல் பதிவு செய்யுங்கள். ஏற்கெனவே வேறு மாதிரி பதிந்திருந்தால், தேர்வுக்கு வெகு முன்பே மின்னஞ்சல் போட்டு மாற்றச் சொல்லுங்கள்.