ஐடில் நிற்காத பழைய பைக்: ஸ்க்ரூவைத் திருகும் முன்

கார்புரேட்டர் பைக் சிக்னலில் அணைந்துபோனால் ஐடில் ஸ்க்ரூவை (திராட்டிலைத் திருகாதபோது இன்ஜின் ஓடும் வேகத்தை அமைப்பது) ஏற்றிவிடுவது மருந்தல்ல, நோயை மறைப்பது. சோக் (காற்றைக் குறைத்து, பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் விசை) இழுத்தால் மட்டும் ஓடுகிறதா? பெரும்பாலும் பைலட் ஜெட் (ஐடிலில் பெட்ரோல் வரும் நுண்துளை) அடைத்திருக்கிறது. வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடுகள்) கார்நிறுத்துமிடத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டிகளில் இதுதான் முதல் சந்தேகம். பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகிவிடும். கார்ப் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பியை விட்டுக் குத்தவே கூடாது, துளை பெரிதாகிவிடும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஏறினால் திராட்டில் கேபிள் இறுக்கம். பிடியில் 2–6 மிமீ தளர்வு வேண்டும். திராட்டிலை விட்டும் ஆர்பிஎம் மெதுவாக இறங்கினால், இன்டேக் ரப்பரில் (கார்புரேட்டரை இன்ஜினோடு இணைப்பது) வெடிப்பு இருக்கிறதா பாருங்கள்.

இவை சரியென்றால், 10 நிமிடம் ஓட்டி இன்ஜினைச் சூடாக்கி, திறந்தவெளியில் நிறுத்துங்கள். மிக்ஸர் ஸ்க்ரூவை (ஐடிலில் பெட்ரோல்-காற்றுக் கலவையை அமைப்பது) மெல்ல முழுதும் உள்ளே திருகி (அழுத்தினால் முனை கெடும்), ஒன்றரை முதல் இரண்டு சுற்று வெளியே எடுங்கள். பிறகு கால் சுற்றாக நகர்த்தி, ஆர்பிஎம் அதிகமாகும் இடத்தில் விடுங்கள். கடைசியாகத்தான் ஐடில் ஸ்க்ரூ: பெரும்பாலான ஒற்றை சிலிண்டர் பைக்குகளுக்கு 1,300–1,500 ஆர்பிஎம்.

ஒன்று கவனம்: மிக்ஸர் ஸ்க்ரூ கார்புரேட்டரில் இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருக பெட்ரோல் கூடும், ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று கூடும்.